ஏவாமை: ஏழாம் இதழும் எட்டாம் இதழும்

'ஏவாமை' பத்திரிகையின் ஏழாம் இதழ் 1984 ஜூன் மாதம் அச்சானது. அதன் மை இன்னும் காயவில்லை. லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. எஞ்சியிருக்கும் ஒரே பிரதி ஓய்வுபெற்ற நர்ஸ் மங்கையர்க்கரசியின் வீட்டில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கண்ணாடியை நீக்கி விரல் வைத்தால் ஒரு வரி விரலோடு வந்துவிடும். தாளில் அந்த வரி குறையாது. விரலில் வந்ததும் அழியாது. 2004இல் கடல் ஏறி வந்து வீட்டை எடுத்துப் போனபோது பெட்டியும் சேர்ந்தே போயிற்று. மூன்றாம் நாள் அது மட்டும் கரைக்குத் திரும்பி வந்தது. தாள் நனைந்திருக்கவில்லை. மை ஈரமாகத்தான் இருந்தது.

பத்திரிகையை ஆரம்பித்தவர்கள் இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். மண்டபம் முகாமில் எட்டு மாதம் கிடந்து, கப்பலேறி, எழுபத்தேழாம் வருஷம் லிட்டில் அந்தமானின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தேயிலைக்குப் பதில் பனை, குளிருக்குப் பதில் புழுக்கம். மற்றபடி எல்லாம் பழையபடியே இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள் இருந்தன. காலை ஆறு மணிக்குப் பெரட்டு இருந்தது. பெரட்டு என்றால் எல்லாரும் வரிசையில் நிற்க, ஒருவர் பேர் கூப்பிட்டு இன்றைக்கு உனக்கு இந்த வேலை என்று பிரித்து விடுவது. மூன்று தலைமுறையாக அந்த வரிசையில் நின்ற கால்கள் அவை. மலைநாட்டில் இருந்தபோது ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அரசும் அதிகாரியும் இல்லாமலே மனிதர் வாழலாம் என்று சொல்கிறவர்கள் உலகத்தில் உண்டு, அவர்கள் பத்திரிகைகூட நடத்துகிறார்கள் என்று சொல்லியிருந்தார். சொன்னவரின் பேர் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. சொன்னது மறக்கவில்லை. முதல் இதழின் பேர் 'ஏவாதே'. அதுவே ஓர் ஏவல்தானே என்று யாரோ எழுதிப் போட்டதில், இரண்டாம் இதழிலிருந்து பேர் 'ஏவாமை' என்று மாறியது. தோட்ட ஆபீசில் அதை அராஜகப் பத்திரிகை என்று குறித்து வைத்தார்கள். அந்தச் சொல்லில் தவறு ஏதும் இல்லை.

ஆசிரியர் இல்லை, உரிமையாளர் இல்லை, எழுதியவர் பேர் இல்லை. சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதி, உதிரிப் பழம் பொறுக்கும் கூடைகளில் ஒன்றில் போட்டுவிட வேண்டும். சில வாரம் கழித்துப் பெரட்டு மைதானத்தில், கல் வைத்த தாள்களாக, பத்திரிகை கிடக்கும். அச்சடிப்பது யார் என்று எவருக்கும் தெரியாது, கேட்பதுமில்லை. அச்சடித்தவர் அழகர்சாமி, மங்கையர்க்கரசியின் அப்பா. ஹவாய்ச் செருப்பின் அடியை வெட்டி எழுத்துகள் செய்தார். ஓராண்டில் அந்த வீட்டில் பதினோரு ஜோடி செருப்புகள் காணாமல் போயின. மனைவியும் மகளும் வெறுங்காலோடு நடந்து, கேட்டவர்களிடம் அதுதான் காலுக்கு நல்லது என்றார்கள். உரச்சாக்கின் உள்தாள்தான் காகிதம். மை விஷயத்தில்தான் ஒரு பிழை நேர்ந்தது. மலைநாட்டு ஹட்டனில் அச்சுக்கூடக்காரர் விளக்குக் கரியில் எண்ணெய் விட்டு அரைப்பதை அழகர்சாமி ஜன்னல் வழியே பார்த்திருந்தார். என்ன எண்ணெய் என்று பார்க்கவில்லை. அது காயும் ஜாதி எண்ணெய். இங்கே காலடியில் கிடந்தது பனம்பழம். அதை வேகவைத்து வழித்தெடுத்த சிவப்பு எண்ணெயில் கரியைக் குழைத்தார். எண்ணெய்ப்பனையில் இறங்கும் எண்ணெய்க்குக் காயத் தெரியாது.

ஆகவே பத்திரிகை படித்தவர்களின் கையில் ஒட்டிக்கொண்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், மண்ணெண்ணெயில் கழுவினார்கள்; போகவில்லை. ஒருவர் உள்ளங்கையில் 'வேலை தெரிந்தவனை வரிசையில் நிறுத்துவது எதற்கு?' என்று இருந்தது. இன்னொருவர் மணிக்கட்டில் 'எந்தக் குலை பழுத்தது என்று மரத்தைக் கேள்' என்று இருந்தது. அவர்கள் தொட்டதிலும் வரி ஏறியது. பலாப்பழத்தில் ஏறியது, ஆட்டின் முதுகில் ஏறியது, துவைத்துக் காயப்போட்ட சூப்பர்வைசர் சட்டையில் ஏறியது. வங்காளிகள் கையில் அது வங்காள எழுத்தாக இருந்தது, தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கு, ராஞ்சி ஆட்களுக்கு இந்தி. படிக்கத் தெரியாதவர்கள் கையில் எழுத்தே இல்லை, ஆனால் காதருகே கொண்டுபோனால் கேட்டது. எண்பத்து மூன்றாம் வருஷம் முழுக்கப் பெரட்டில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஆட்கள் நேராகக் காட்டுக்குப் போனார்கள். எவர் எந்த வரிசை மரத்தை வெட்டுவது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காய்ச்சல் கண்டவள் வீட்டில் படுத்தாள், அவள் பங்கை மற்றவர்கள் பொறுக்கினார்கள். அந்த வருஷம் மகசூல் முன்னெப்போதையும்விட அதிகம். மேனேஜரைக் கோபப்படுத்தியது அந்த மகசூல்தான்.

1984 ஜூன் பதினெட்டாம் தேதி மேனேஜர் எல்லாரையும் வரவழைத்து, கைகளை நீட்டச் சொன்னார். நானூற்றுச் சொச்சம் ஜோடிக் கைகள். ஒவ்வொன்றிலும் வரி இருந்தது, பால்குடிக் குழந்தைகளின் கையில்கூட. அழகர்சாமியின் கைகளில் மட்டும் ஒன்றுமில்லை. காய்ப்புக் காய்த்த, வெள்ளை வெளேரென்ற உள்ளங்கைகள். மேனேஜர் அந்தக் கைகளைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, "யஹீ ஏக் ஆத்மி சாஃப் ஹை," என்றார். இந்த ஓர் ஆள்தான் சுத்தம். பிறகு, வரிகள் அதிகம் இருந்த நான்கு குடும்பங்களை அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. அதில் முதல் குடும்பம் நல்லதம்பியுடையது. நல்லதம்பியின் மகள் ருக்கு, மங்கையர்க்கரசியின் அடுத்த வீடு. ஒரே கிணறு, ஒரே சீப்பு. கப்பல் ஏறும்போது ருக்கு திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தமான கை உள்ளவன்தான் காட்டிக் கொடுத்தவன் என்று அதற்குள் ஊர் முடிவு செய்திருந்தது.

உத்தரவான அன்று மத்தியானமே அழகர்சாமி ஆபீசுக்குப் போனார். அச்சடித்தது நான்தான், அவர்களை விடுங்கள், என்னை அனுப்புங்கள் என்றார். மேனேஜர் அவர் கையை மறுபடி திருப்பிப் பார்த்தார், சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இதை அழகர்சாமி மனைவியிடம் சொன்னது மங்கையர்க்கரசியின் காதில் விழுந்தது. அழகர்சாமி வேறு யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தார். தெருவில் அவர் வந்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். மகள் கல்யாணப் பேச்சு மூன்று தடவை வந்து மூன்று தடவையும் நின்றது. ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லுங்கள் என்று மகள் ஒரு நாள் கத்தியபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பேரு சொல்லிட்டா அது பேப்பர் இல்ல பிள்ள, பெரட்டு." அவர் போட்ட கட்டு அது. இரண்டாயிரத்து மூன்றில் அவர் இறந்தார். தூக்க ஆள் போதாமல் ஆஸ்பத்திரி ஊழியர்கள் நால்வர் வந்தார்கள்.

மங்கையர்க்கரசி கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பத்தாறு வருஷம் நர்சாக இருந்தார். நிமிர்ந்து நடப்பார். உட்காரும்போதும் நாற்காலியில் முதுகு சாய்க்கமாட்டார். அவருடைய இடது உள்ளங்கையில், முதல் இதழைத் தொட்ட பத்தொன்பது வயதில் ஏறிய வரி இருந்தது: 'உன் மேல் ஒருவரும் இல்லை, உன் கீழும் ஒருவரும் இல்லை.' ஊசி போடும்போது நோயாளிகள் அதைப் படித்தார்கள். பிரசவ வலியில் கிடந்தவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதார் வந்த பிறகு ரேஷன் கடை இயந்திரம் பழைய தோட்டத்து ஆட்களின் கைரேகையை ஏற்காமல், அவரவர் வரியைத் திரையில் காட்டியது. கடைக்காரர் அதை வாசித்துவிட்டு அரிசி போட்டார். இப்படியாக எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுடைய பேர் மட்டும் நாற்பது வருஷமாக அழுக்காகவே கிடந்தது. அதைத் துடைக்கும் சொல் அவரிடம் இருந்தது. சொல்ல அனுமதி இல்லை.

சென்ற வருஷம் நவம்பரில் அருண்பிரசாத் என்பவர் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். கல்லூரியில் வேலை, 'ஏவாமை'யின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி முடித்திருக்கிறார், அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அவர் வந்த அன்று மங்கையர்க்கரசி கதவைத் திறந்தபோது அவருக்குப் பின்னால் குடையைச் சுருக்கியபடி ருக்கு நின்றார். அருண்பிரசாத் ருக்குவின் மகன். ருக்குவுக்கு அறுபது வயது, கோத்தகிரிக் குளிரில் வெடித்த கன்னங்கள். நாற்பது வருஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மங்கையர்க்கரசி டீ போட்டுக் கொண்டுவந்தார். அருண்பிரசாத் எடுத்துக்கொண்டார். ருக்கு எடுக்கவில்லை, உட்காரவுமில்லை.

"இந்த வீட்ல தண்ணி குடிக்காதன்னு சொல்லிட்டுத்தான் எங்கப்பா செத்தாரு," என்றார்.

"அது தண்ணி இல்ல, டீ," என்றார் மங்கையர்க்கரசி.

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு. பெரியம்மா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க," என்று அருண்பிரசாத் புத்தகத்தின் மெய்ப்புப் பிரதியைப் பிரித்து, நூற்றுப் பதினான்காம் பக்கத்தை நீட்டினார். பத்திரிகையைக் காட்டிக் கொடுத்தவர் அழகர்சாமி என்று கருதப்படுகிறது என்று அதில் இருந்தது. "உங்க பக்கம் என்னன்னு கேக்காம போடக் கூடாதுன்னுதான் வந்தேன். சனிக்கிழமை கப்பலுக்குள்ள சொல்லுங்க."

மங்கையர்க்கரசி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அப்பாவின் வாக்கை மீறி, முதல் முறையாக, ஆபீசுக்குப் போன கதையை வெளியாட்களிடம் சொன்னார். ருக்கு முழுக்கக் கேட்டார்.

"நல்லா இருக்கு. கேக்க ஆளில்லாத கதை. கேட்டவங்க எல்லாம் செத்துட்டாங்க," என்றவர் தன் வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலடியில் மூன்று வரிகள் நெருக்கமாக இருந்தன. "தொட்டவன் கையெல்லாம் கரி. கைக்குழந்தைக்குக்கூட விடல. ராவும் பகலும் அதுலயே கெடந்து அச்சடிச்ச ஆளு கையில மட்டும் ஏன் ஒண்ணுமில்ல? அதச் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

மங்கையர்க்கரசியே அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அப்பா சுத்தமான மனிதர், ஆகவே சுத்தமான கை என்றே நினைத்திருந்தார். அவர்கள் போன பிறகு, ருக்கு தொடாத அந்த டீயைத் தானே குடித்துவிட்டு, வெகு நேரம் வாசலில் நின்றார்.

மறுநாள் காலை கைவிடப்பட்ட தோட்டத்துக்குப் போனார். பனைகள் காடு பிடித்துக் கிடந்தன. பழம் மட்டும் வருஷா வருஷம் உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பை நிறையப் பொறுக்கி வந்து அண்டாவில் வேகவைத்தார். கடைத்தெருவில் பிஸ்வாஸ் கடையில் ஹவாய்ச் செருப்பு நான்கு ஜோடி கேட்டார். பிஸ்வாஸ் அவரைக் குனிந்து பார்த்து, "ஆப்கே கித்னே பைர் ஹை, தீதி?" என்றார். உங்களுக்கு எத்தனை கால்கள் என்று. "சார் ஜோடி தோ, பாத் மத் கரோ," என்றார். நாலு ஜோடி கொடு, பேசாதே என்று வாயை அடைத்து வாங்கி வந்தார். அன்று மாலைவரை எழுத்து வெட்டினார். அச்செழுத்தை இடம்வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும் என்பது மறந்துபோய் முதல் ஜோடி முழுக்க வீணாயிற்று. எட்டாம் இதழுக்கு யாரும் சீட்டு எழுதிப் போடவில்லை. ஆகையால் அவரே ஒரு வரி எழுதினார்: 'அழகர்சாமி ஆபீசுக்குப் போனார். நான்தான் என்று சொன்னார். அவர்கள் நம்பவில்லை.' அப்பா வேண்டாம் என்றது தெரியும். தகப்பனின் வாக்கா தகப்பனின் மானமா என்று வந்தபோது, அவர் மானத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி அருண்பிரசாத்துக்குச் செய்தி அனுப்பினார்.

தாயும் மகனும் வந்தபோது அவர் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை மை. எழுத்துகளை வரிசையில் ஒட்டிய பலகையின் மேல் தாளை விரித்து, காலிப் பாட்டில் ஒன்றை உருட்டி அழுத்தினார். தாளைப் பிரித்தபோது எல்லாம் விழுந்திருந்தது, முதல் சொல் தவிர. 'அழகர்சாமி' இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. மறுபடி மை தடவி இன்னொரு தாளில் அடித்தார். வெள்ளை. மூன்றாம் தடவை அந்த ஆறு எழுத்துக்கு மட்டும் அதிகமாக மை வைத்து, முழங்காலை ஊன்றி அழுத்தினார். மற்ற சொற்களெல்லாம் கறுகறுவென்று விழுந்தன. அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அருண்பிரசாத் குனிந்து எழுத்துகளைப் பார்த்தார். அவற்றில் மை சொட்டியது.

"அவருக்கு வேணாமாம்," என்றார் மங்கையர்க்கரசி. கண்ணில் நீர் வந்ததை மை படிந்த கையால் துடைக்க முடியாமல் எழுந்து தொட்டியடிக்குப் போனார்.

சோப்புகூடப் போடவில்லை. வெறும் தண்ணீர் ஊற்றியதும் மை மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கி வடிகாலில் போயிற்று. அதோடு நாற்பத்து மூன்று வருஷத்து வரியும் இறங்கியது. 'உன் மேல் ஒருவரும் இல்லை' என்ற எழுத்துகள் தண்ணீரில் வரிசை கலையாமல் போவதை அவர் பார்த்தார். பிடிக்கக் கை போயிற்று, பிடிபடவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அப்பாவின் கைகளைப் போல இருந்தன.

அதற்குள் அடுப்படியில் ருக்கு மூன்றாவது தாளைக் கையில் எடுத்திருந்தார். புதிய வரி அவருடைய இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மங்கையர்க்கரசி ஈரக் கைகளை அவர் முன்னால் நீட்டினார். ருக்கு அந்த வெறும் கைகளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார், மறுபடி அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பி, விரலிடுக்குகளில், நகக்கண்களில், மணிக்கட்டில் தேடினார். இப்போதுதான் கரியில் ஊறிய கைகள்.

"வாங்குனவன் கையிலதான் நிக்குமா இது," என்றார் மெல்ல. "குடுத்தவன் கையில நிக்காதா."

"எனக்கும் இப்பத்தான் தெரியும், ருக்கு."

ருக்கு தன் உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வரி வெள்ளை இடத்தோடு ஆரம்பித்தது. அங்கே நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு அந்த இடத்தைத் தன் குரலால் நிரப்பி, "அழகர் மாமா ஆபீசுக்குப் போனாரு," என்றார். "நான்தான்னு சொன்னாரு. அவங்க நம்பல." மூச்சு வாங்கிக்கொண்டு, "நாங்களும் நம்பல, மங்கக்கா," என்றார்.

அந்தப் பேரை வெளியார் ஒருவர் மரியாதையோடு சொல்லி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மங்கையர்க்கரசி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ருக்கு பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதது யார், தேற்றியது யார் என்று அருண்பிரசாத்துக்குத் தெரியவில்லை. அவர் போய் டீ போட்டு வந்தார். மூன்று டம்ளரும் காலியாயிற்று. சர்க்கரை போட மறந்ததை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ருக்கு பாட்டிலை வாங்கித் தானும் இருபது தாள் அடித்தார். கழுவிவிட்டு வந்து, வெறுமையான தன் கைகளை மகனிடம் காட்டினார். அவருடைய அப்பாவின் காலத்து மூன்று வரிகளும் போயிருந்தன. அதற்காகக் கொஞ்ச நேரம் தனியாக அழுதார்.

புத்தகம் ஜனவரியில் வெளிவந்தது. நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இப்போது அந்த வரிதான் இருக்கிறது, முதல் சொல்லுக்கு உரிய இடம் வெள்ளையாக. அச்சுப்பிழை என்று நினைத்து அச்சகத்தார் இரண்டு தடவை நிரப்பப் பார்த்தார்களாம், முடியவில்லை. எட்டாம் இதழ் ஹட் பேயில் கைக்குக் கை போயிற்று. வங்காளிக்கு வங்காளத்தில், தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில், முன்போலவே. ஆனால் உரக்கப் படித்தவர்கள் எல்லாரும் அந்த வெள்ளை இடத்தில் ஒரு கணம் நின்று, தாங்கள் நம்பாமல் விட்ட யாரோ ஒருவரின் பேரைச் சொன்னார்கள். பிஸ்வாஸ் தன் தம்பி பேரைச் சொல்லிவிட்டு, அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துத் தம்பி வீட்டுக்குப் போனார். கப்பல் ஜெட்டியில் டிக்கெட் பார்ப்பவர் செத்துப்போன மனைவி பேரைச் சொன்னதாகக் கேள்வி.

மார்ச் மாதத்தில் கணக்கெடுத்தால் ஊரில் பதினேழு பேருடைய கைகளில் வரி இல்லை. அவர்கள் அடிப்பது எட்டாம் இதழா, ஒன்பதாம் இதழா என்று யாரும் கேட்பதில்லை. முன்பு அப்படிப்பட்ட கையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கியவர்கள் இப்போது இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மங்கையர்க்கரசி மீன் வாங்கப் போனார். விற்கிறவள் அவருடைய வெறும் உள்ளங்கையைப் பார்த்தாள், தலையசைத்தாள், நல்ல சூரையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அந்த வாரம் சூரை நிறைய வந்திருந்தது.